உச்சியில் நிற்கும் பந்துக்கு முடுக்கம் எப்படி வரும்?

கேள்வி இதுதான்: "வேகம், நேரம், முடுக்கம் எல்லாவற்றுக்கும் சூத்திரம் தெரியும், எண்களைப் போட்டு விடையும் எடுத்துவிடுவேன். ஆனால் மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது வேகம் பூஜ்ஜியம், முடுக்கம் மட்டும் பூஜ்ஜியம் இல்லை என்கிறார்கள். நிற்கிற பொருளுக்கு எப்படி முடுக்கம் இருக்கும்? கொஞ்சம் அடிப்படையிலிருந்து விளக்க முடியுமா?"

விளக்கலாம். சூத்திரம் தெரிந்தவர்களும் இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முடுக்கம் என்றதும் மனம் அதை 'நிறைய வேகம்' என்று எடுத்துக்கொள்கிறது. வேகமாகப் போனால் அதிக முடுக்கம், மெதுவாகப் போனால் குறைவு, நின்றுவிட்டால் இல்லை என்று ஒரு கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு அளவு இப்போது எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, அது எவ்வளவு விரைவாக மாறிக்கொண்டிருக்கிறது என்பது வேறு. வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்பதுதான் முடுக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக இடத்தில் வந்து உட்காரும். சூத்திரத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு நிஜ ஓட்டத்தைப் பார்ப்போம்.

2009 ஆகஸ்ட் மாதம் பெர்லினில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடி முடித்தார். 100-ஐ 9.58-ஆல் வகுத்தால் வினாடிக்கு 10.44 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 37.6 கிலோமீட்டர். இது சராசரி வேகம். வேடிக்கை என்னவென்றால், அவர் சரியாக இந்த வேகத்தில் ஓடியது ஒரே ஒரு கணம்தான். தொடக்கத்தில் வேகம் ஏறும்போது அதைத் தாண்டிப் போனார், அவ்வளவுதான்.

அந்த ஓட்டத்தை 20 மீட்டர் துண்டுகளாகவும் அளந்து வைத்திருக்கிறார்கள். முதல் 20 மீட்டருக்கு 2.89 வினாடி (துப்பாக்கிச் சத்தத்துக்கும் அவர் கிளம்பியதற்கும் நடுவே போன 0.146 வினாடியும் இதில் அடக்கம்). அடுத்த 20-க்கு 1.75, அதற்கடுத்து 1.67, பிறகு 1.61, கடைசி 20-க்கு 1.66. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வகுத்தால் வினாடிக்கு 6.9 மீட்டர், 11.4, 12.0, 12.4, மறுபடி 12.0 என்று வரும்.

இந்த ஐந்து எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதல் துண்டில்தான் வேகம் ஆகக் குறைவு. ஆனால் பூஜ்ஜியத்திலிருந்து வேகம் விறுவிறுவென்று ஏறியதும் அங்கேதான், எனவே முடுக்கம் அதிகமாக இருந்ததும் அங்கேதான். நான்காவது துண்டில் வேகம் உச்சத்தில் இருக்கிறது, ஆனால் முந்தைய துண்டைவிட அரை மீட்டர்கூடக் கூடவில்லை. முடுக்கம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. கடைசித் துண்டில் மனிதர் இன்னும் வினாடிக்கு 12 மீட்டரில் பறக்கிறார், முடுக்கமோ பின்னோக்கி இருக்கிறது, ஏனென்றால் அவர் மெல்ல வேகம் இழந்துகொண்டிருக்கிறார். மற்றவர்களை விட்டு இன்னும் விலகிக்கொண்டே போனதால் வேகம் கூடுவதுபோலத் தெரியும். மற்றவர்கள் அவரைவிட மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார்கள், அதுதான் விஷயம்.

இன்னொன்றும் இதில் இருக்கிறது. 100 மீட்டருக்கு ஒரே எண்ணாக இருந்த வேகம், துண்டு போட்டதும் ஐந்து எண்களாகிவிட்டது. 20 மீட்டர் துண்டை ஒரு மீட்டர் துண்டாக்கினால் இன்னும் நுணுக்கமாகும். இப்படியே நேர இடைவெளியைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், வகுத்து வருகிற எண் ஒரு குறிப்பிட்ட மதிப்பை நெருங்கி நெருங்கி அங்கேயே நிலைக்கும். அதுதான் அந்தக் கணத்தின் வேகம். வண்டியின் வேகமானி முள் காட்டுவது ஏறக்குறைய இதைத்தான். நேரத்தைப் பற்றிப் பேசும்போது 'கணம்' என்பதையும் 'இடைவெளி' என்பதையும் கலந்துவிடக் கூடாது. கணத்துக்கு நீளம் கிடையாது, இடைவெளிக்கு உண்டு. சராசரி வேகம் இடைவெளிக்குச் சொந்தம், கணநேர வேகம் கணத்துக்குச் சொந்தம்.

சராசரி என்றதும் இரண்டு வேகங்களைக் கூட்டிப் பாதியாக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு ஊருக்கு மணிக்கு 60 கிலோமீட்டரில் போய், அதே வழியில் 40-இல் திரும்பினால் சராசரி 50 இல்லை, 48. தூரம் 120 கிலோமீட்டர் என்று வைத்தால் போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம், மொத்தம் 240 கிலோமீட்டருக்கு 5 மணி நேரம். மெதுவாகப் போகும்போது அதிக நேரம் செலவாவதால் அந்த வேகத்துக்குக் கனம் கூடிவிடுகிறது. இதையே சிக்கலாக்கிப் பார்ப்போம். 60 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 60-இல் போய்விட்டீர்கள். போக வர மொத்தத்துக்கும் சராசரி 120 வர வேண்டுமானால் எந்த வேகத்தில் திரும்ப வேண்டும்? 180 என்று சொல்லத் தோன்றும். உண்மையில் எந்த வேகமும் போதாது. மொத்தத் தூரம் 120 கிலோமீட்டர், அதற்கு அனுமதி ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரத்தைப் போகும்போதே செலவழித்துவிட்டீர்கள்.

சரி, முடுக்கத்துக்கு வருவோம். அதன் அலகைப் பார்த்ததும் பலருக்குக் குழப்பம் வரும்: மீட்டர் / வினாடி². வினாடியை ஏன் இரண்டு தடவை வகுக்க வேண்டும்? இதை ஒரே மூச்சில் படிக்காமல் இரண்டாக உடைத்துப் படித்தால் புரிந்துவிடும். "வினாடிக்கு இத்தனை மீட்டர்" என்பது வேகம். அந்த வேகம் "ஒவ்வொரு வினாடிக்கும்" எவ்வளவு மாறுகிறது என்பது முடுக்கம். பூமியின் பரப்புக்கு அருகே தடையின்றி விழும் பொருளின் முடுக்கம் 9.8 மீட்டர் / வினாடி² என்றால், ஒவ்வொரு வினாடியும் அதன் வேகத்தில் வினாடிக்கு 9.8 மீட்டர் ஏறுகிறது. இதையே மணிக்குக் கிலோமீட்டராக மாற்றினால் (3.6-ஆல் பெருக்க வேண்டும்) இன்னும் உறைக்கும்: ஒரு வினாடி முடிவில் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர், இரண்டு வினாடி முடிவில் 71, மூன்று முடிவில் 106. காற்றுத்தடை இல்லாவிட்டால் இப்படி ஏறிக்கொண்டே போகும். நிஜத்தில் விமானத்திலிருந்து குதித்தவர் பாராசூட்டை விரிக்கும் முன், உடலைக் கிடையாக வைத்திருந்தால், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டரை எட்டியதும் வேகம் நிலைத்துவிடும். கீழே இழுக்கும் ஈர்ப்பும் மேலே தள்ளும் காற்றும் சமமாகிவிட்டன. பயங்கர வேகம், முடுக்கம் பூஜ்ஜியம்.

இப்போது உங்கள் பந்து. கணக்கு எளிதாக இருக்க 9.8-க்குப் பதில் 10 என்றே வைத்துக்கொள்வோம், காற்றுத்தடையையும் மறந்துவிடுவோம். பந்தை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிகிறீர்கள். மேல்நோக்கிய திசையை நேர்க்குறி என்று வைத்தால், எறியும் கணத்திலும் பிறகு ஒவ்வொரு வினாடி முடிவிலும் எழுத வேண்டிய எண்கள் இவை: 20, 10, 0, −10, −20. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள். 20-இலிருந்து 10-க்கு, 10 குறைவு. 10-இலிருந்து 0-க்கு, 10 குறைவு. 0-இலிருந்து −10-க்கு, அதே 10 குறைவு. வரிசையில் பூஜ்ஜியம் வருகிறதே தவிர, வித்தியாசத்தில் எங்கேயும் பூஜ்ஜியம் வரவில்லை. குளிரில் வெப்பமானி 3-இலிருந்து −3-க்கு இறங்கும்போது நடுவில் 0-வைக் கடக்கும், அதற்காக அந்தக் கணத்தில் குளிர்வது நின்றுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். பந்தின் வேகமும் அப்படியே பூஜ்ஜியத்தைக் கடந்து போகிறது.

தலைகீழாகவும் யோசித்துப் பார்க்கலாம். உச்சியில் வேகமும் பூஜ்ஜியம், முடுக்கமும் பூஜ்ஜியம் ஆகி, அப்படியே இருந்துவிட்டால் என்ன நடக்கும்? வேகம் பூஜ்ஜியம், அது மாறவும் மாறாது. பந்து அந்தரத்தில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். பந்து கீழே வருகிறது என்பதே உச்சியிலும் முடுக்கம் இருந்ததற்குச் சாட்சி. அந்த முடுக்கத்துக்குக் காரணமான பூமியின் ஈர்ப்பு, பந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பதும் இல்லை. இன்னொரு சின்னத் திருத்தம்: பந்து உச்சியில் 'ஒரு கணம் நிற்கிறது' என்கிறோம், அதைக் கொஞ்ச நேரம் நிற்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணத்துக்கு நீளம் இல்லை என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

மைனஸ் குறி வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். முடுக்கம் எதிர்க்குறியில் இருந்தால் பொருள் வேகம் குறைகிறது என்று பலரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அது தவறு. மேலே உள்ள பந்துக்கு முழுப் பயணத்திலும் முடுக்கம் −10 தான். ஏறும்போது வேகம் குறைகிறது, இறங்கும்போது அதே −10 வேகத்தைக் கூட்டுகிறது. பார்க்க வேண்டியது திசை. பொருள் நகரும் திசையும் முடுக்கத்தின் திசையும் ஒன்றாக இருந்தால் வேகம் கூடும், எதிரெதிராக இருந்தால் குறையும். குறி என்பது நாம் தேர்ந்தெடுத்த திசையைச் சொல்கிறது, அவ்வளவே.

இதனால்தான் இயற்பியலில் வேகம் போதாமல் திசைவேகம் என்ற ஒன்றும் தேவைப்படுகிறது. வேகத்தோடு திசையையும் சேர்த்துக்கொண்டால் திசைவேகம். கடந்த தூரத்துக்குப் பதில் இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்திலிருந்து முடித்த இடத்துக்கு நேர்கோட்டில் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது. 400 மீட்டர் ஓடுதளத்தில் ஒரு முழுச் சுற்று ஓடி வந்தவரின் இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம், சராசரித் திசைவேகமும் பூஜ்ஜியம். பாவம், ஓடிக் களைத்தவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

முடுக்கம் என்பது திசைவேகம் மாறும் வீதம். எனவே திசை மட்டும் மாறினாலும் முடுக்கம் உண்டு. வேகமானி முள் 40-இல் ஆடாமல் இருக்க, பேருந்து ஒரு வளைவில் திரும்புகிறது. வேகம் மாறவில்லை, ஆனாலும் உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. உங்கள் உடல் நேராகப் போகப் பார்க்கிறது, இருக்கையும் கைப்பிடியும் அதை வளைவின் உள்பக்கமாக இழுத்துத் திருப்புகின்றன. அந்த உள்நோக்கிய முடுக்கம் நகரும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதால் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, திசையை மட்டும் திருப்புகிறது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுவதும் இப்படித்தான். அங்கே ஈர்ப்பு இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் அந்த உயரத்திலும் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7 மீட்டர் / வினாடி², தரையில் இருப்பதில் கிட்டத்தட்ட ஒன்பதில் எட்டுப் பங்கு. நிலையம் முழு நேரமும் விழுந்துகொண்டுதான் இருக்கிறது, பக்கவாட்டு வேகம் அதிகம் என்பதால் தரையில் மோதாமல் பூமியைச் சுற்றிச் சுற்றி விழுகிறது.

உடலுக்கு வேகம் தெரியாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். மணிக்கு 900 கிலோமீட்டரில் சீராகப் பறக்கும் விமானத்தில் தண்ணீர்க் குவளை அசையாமல் நிற்கும். அதே விமானம் ஓடுபாதையில் கிளம்பும்போது, வேகம் இதைவிட எவ்வளவோ குறைவாக இருக்கையில், முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். கைப்பேசியில் இருக்கும் முடுக்கமானிக்கும் வேகம் தெரியாது. அதில் ஒரு வேடிக்கை உண்டு: மேசையில் சும்மா வைத்த கைப்பேசி 9.8 என்று காட்டும், மெத்தையின் மேல் விழவிட்டால் விழுகிற அந்த நேரத்தில் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டும். எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றும். அதனுள்ளே நெகிழும் தாங்கிகளில் ஒரு நுண்ணிய எடை இருக்கிறது, தாங்கிகள் எவ்வளவு வளைகின்றன என்பதைத்தான் கருவி அளக்கிறது. மேசை தாங்கும்போது வளைகிறது, கருவி முழுவதும் சேர்ந்து விழும்போது எதுவும் எதையும் தாங்கவில்லை.

அடுத்து எல்லோரும் கேட்கிற ஒரு விஷயம், சூத்திரத்தில் வரும் அந்த ½. நின்ற நிலையிலிருந்து சீரான முடுக்கத்தில் போகும் பொருள் கடக்கும் தூரம் = ½ × முடுக்கம் × நேரம்² என்று படித்திருப்பீர்கள். அரை எங்கிருந்து வந்தது? வேகம் பூஜ்ஜியத்தில் தொடங்கிச் சீராக ஏறி 20-ஐ எட்டினால், அந்த நேரம் முழுவதற்கும் சராசரி 10. பாதி அங்கிருந்து வந்ததுதான். (மேலே இரண்டு வேகங்களைக் கூட்டிப் பாதியாக்காதீர்கள் என்றேன். சீரான முடுக்கத்தில் மட்டும் அதைச் செய்யலாம், ஏனென்றால் ஒவ்வொரு வேகத்துக்கும் சமமான நேரம் கிடைக்கிறது.) வரைபடமாகப் போட்டால் கிடைகோட்டில் நேரம், செங்கோட்டில் வேகம், இடையே ஒரு சாய்ந்த கோடு. கோட்டின் சாய்வு முடுக்கம், கோட்டுக்குக் கீழே உள்ள முக்கோணத்தின் பரப்பு கடந்த தூரம். இதை 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரி அறிஞர்கள் வாதமாகச் சொல்லிவிட்டார்கள், பாரிஸில் நிக்கோல் ஒரெஸ்ம் படமாகவே வரைந்து காட்டினார்.

விழும் பொருளுக்கு இது பொருந்துகிறதா என்று சோதித்துக் காட்டியவர் கலிலியோ. நேராக விழுவது கண்ணுக்கு எட்டாத வேகம், அவர் காலத்தில் வினாடியை அளக்க நல்ல கடிகாரமும் கிடையாது. எனவே சாய்வான மரப்பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டி விழுவதை மெதுவாக்கினார். பாத்திரத்திலிருந்து மெல்லிய குழாய் வழியே ஒழுகும் தண்ணீரைப் பிடித்து எடை போட்டு நேரத்தை அளந்தார். தூரம் நேரத்தின் வர்க்கத்தைப் போல் கூடுகிறது என்று 1638-இல் வெளிவந்த நூலில் எழுதினார். இன்று சீசியம் அணுவின் 9,19,26,31,770 அதிர்வுகள் ஒரு வினாடி என்று வரையறுத்திருக்கிறோம், ஒளி 1/29,97,92,458 வினாடியில் போகும் தூரமே மீட்டர் என்கிறோம். தண்ணீரை எடை போட்ட அந்தச் சோதனைதான் எனக்கு இன்னும் பிரமிப்பு.

தேர்வில் மாணவர்கள் அதிகம் வழுக்கும் இடமும் இதை ஒட்டியே இருக்கிறது. "3 வினாடிகளில் விழுந்த தூரம்" ஒன்று, "மூன்றாவது வினாடியில் விழுந்த தூரம்" இன்னொன்று. முதல் கேள்விக்கு விடை ½ × 10 × 9 = 45 மீட்டர். இரண்டாவதற்கு, 2-ஆவது வினாடி முடிவிலிருந்து 3-ஆவது வினாடி முடிவுவரை மட்டும், 45 − 20 = 25 மீட்டர். வினாடி வாரியாகப் பிரித்தால் 5, 15, 25, 35 என்று வரும். 1, 3, 5, 7 என்ற அதே ஒற்றைப்படை வரிசையைக் கலிலியோவும் கண்டார்.

வர்க்கம் என்பது காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும், சாலையில் அப்படி இல்லை. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாகப் போகின்றன, ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர் (வினாடிக்கு 10 மீட்டர்), மற்றது 72 (வினாடிக்கு 20 மீட்டர்). 20 மீட்டர் முன்னால் ஏதோ குறுக்கே வருகிறது. இரு ஓட்டுநர்களுக்கும் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது, இரண்டு பிரேக்குகளும் ஒவ்வொரு வினாடியும் வேகத்தில் வினாடிக்கு 5 மீட்டரைக் குறைக்கின்றன என்று வைப்போம். முதல் கார் அந்த ஒரு வினாடியில் 10 மீட்டர் போகும், பிரேக் பிடித்தபின் 2 வினாடியில், சராசரி 5 மீட்டர் வேகத்தில், இன்னொரு 10 மீட்டர். சரியாக 20 மீட்டரில் முட்டாமல் நின்றுவிடும். இரண்டாவது கார்? பிரேக்கில் கால் படுவதற்கே 20 மீட்டர் முடிந்துவிட்டது. அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில், இது 72 கிலோமீட்டர் வேகம் துளியும் குறையாமல் மோதுகிறது. முழுவதும் நிற்க அதற்கு 20 + 40 = 60 மீட்டர் வேண்டும். வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்கு என்று சும்மா சொல்வதைவிட இந்தக் காட்சி மனதில் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சூத்திரங்கள் எல்லாம் முடுக்கம் மாறாமல் இருக்கும்போது மட்டுமே செல்லும். போல்ட்டின் ஓட்டத்தில் கொண்டுபோய்ப் போட்டால் அபத்தமான விடை வரும், அங்கே முடுக்கம் நொடிக்கு நொடி மாறுகிறது. கணக்கைத் தொடங்கும் முன் "முடுக்கம் சீரானதா?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் பந்தை வைத்தே ஒரு கணக்கு. 25 மீட்டர் உயரக் கட்டடத்தின் விளிம்பிலிருந்து அதே 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறீர்கள். தரையைத் தொட எவ்வளவு நேரம்? ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று இரண்டாகப் பிரிக்கத் தேவையில்லை. மேலே நேர்க்குறி என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால் இடப்பெயர்ச்சி −25, தொடக்கத் திசைவேகம் 20, முடுக்கம் −10. தொடக்கத்திலேயே வேகம் இருந்தால் இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்². அப்படியே போட்டால் −25 = 20 × நேரம் − 5 × நேரம்². தீர்த்தால் இரண்டு விடை: 5 வினாடி, −1 வினாடி.

−1-ஐ அடித்துவிட்டு 5 என்று எழுதுவதுதான் வழக்கம், விடையும் அதுதான். ஆனால் −1 குப்பை இல்லை. நீங்கள் எறிவதற்கு ஒரு வினாடி முன்பு, தரையிலிருந்து ஒருவர் ஒரு பந்தை வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்திருந்தால், அது சரியாக நீங்கள் எறியும் கணத்தில் உங்கள் கையைக் கடக்கும், அப்போது அதன் வேகம் 20-ஆக இருக்கும். அங்கிருந்து இரண்டு பந்துக்கும் ஒரே பயணம். சூத்திரத்துக்கு உங்கள் கை இருப்பது தெரியாது, பந்து எப்போதெல்லாம் தரை மட்டத்தில் இருக்க முடியும் என்று கேட்டோம், இரண்டு கணங்களையும் சொல்லிவிட்டது. 5-ஆவது வினாடியில் பந்து தரையைத் தொடும் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 20 − 50 = −30. முன்னே வந்த அதே 30, திசை மட்டும் கீழ்நோக்கி.